குசினியில் இருக்கும் திரை

வில்லரே, மொன்றியல்
2025 யனவரி 19

அன்புள்ள மருமகன் ரதீசனுக்கு,

உம்முடைய அம்மாவின் அண்ணன், மாமா தியாகலிங்கம் எழுதுவது. இந்தக் கையெழுத்து உமக்குப் புதிது. எனக்கும் புதிது. யாரோ எழுதித் தருகிறார்கள் என்று நினைக்கவேண்டாம். நானேதான், நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். முழங்கால் நோவைத் தவிர்த்துப் பார்த்தால் நான் சுகம். காதைத் தவிர்த்துப் பார்த்தால் மாமியும் சுகம். சஸ்கட்டூன் குளிரில் நீர் தொப்பி போடுகிறீரா என்று எழுதவும்.

சின்ன வயதில் நான் பள்ளிக்கூடம் போகவில்லை என்பது உமக்குத் தெரியும். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றின காலம் முழுவதும் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு கடிதத்தையும் மாமிதான் படித்துச் சொன்னா. இப்போது எழுபத்துமூன்று வயதில் எழுத்து வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்துக்குக் கீழே துஷாந்தினி ரீச்சர் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறா. பிள்ளைகள் தங்களுக்குள் பிரெஞ்சில் கதைக்கிறார்கள். நான் கடைசி வாங்கில் இருந்து எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறேன். இரண்டாம் புத்தகத்துக்கு வந்துவிட்டேன். பஸ்ஸில் போகும்போது ஜோந்தாலோன் தெருவில் தமிழ்க் கடைப் பலகையைக் கண்டால் வாய்விட்டுப் படிக்கிறேன். பக்கத்தில் இருப்பவர் எழும்பி வேறு இருக்கைக்குப் போகிறார்.

இனி விசயம். நவம்பரோடு மாமிக்கு இரண்டு காதும் முழுதாக அடைத்துவிட்டன. காதுக்குள் வைக்கிற மெசினும் உதவவில்லை. அவ கதைப்பது எனக்குக் கேட்கும். நான் கதைப்பது அவவுக்குக் கேட்காது. "அம்மா ஸ்காபரோவுக்கு வரட்டும், இங்கே பிள்ளைகள் எழுதிக் காட்டுவார்கள்" என்று மகள் அஜிதா சொல்கிறாள். மாமி ஓம் என்றுவிட்டா. இங்கே வாடகை ஒப்பந்தமெல்லாம் முடிந்து யூலை முதலாம் திகதி ஊரே வீடு மாறும். அதற்குள் மகள் வான் கொண்டு வருவாள். என்னையும் வரச் சொன்னார்கள். இரண்டாம் புத்தகம் முடியாமல் எப்படிப் போவது?

கொப்பியில் எழுதிக் காட்டிப் பார்த்தேன். மாமி தலைக்கு மேல் நின்று பார்ப்பா. "அதுக்குக் கொம்பு எங்க? இதென்ன, கோழி கிளறினதோ?" என்பா. அவ பார்த்தால் என் கை நின்றுவிடும். கைபேசியில் ஒன்றை அமத்தினால் மூன்று எழுத்து விழுகிறது. நான் முன்னறையில் இருந்து எழுத, அது குசினியில் அவவுக்குத் தெரிய ஏதும் வழி உண்டா? ஒரு நிபந்தனை. நான் எழுதுவதை அவ பார்க்கக்கூடாது. எழுதி முடித்ததைத்தான் பார்க்கவேண்டும். நீர் கணினி வேலை செய்கிறவர், உமக்குத் தெரியும்.

பதிலைத் தபாலில் போடவும். போனில் சொன்னால் நான் படித்தது எதற்கு?

இப்படிக்கு, தன் பெயரைத் தானே எழுதும் மாமா
தியாகலிங்கம்

*

சஸ்கட்டூன்
பெப்ரவரி 2

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசலில் சப்பாத்தோடு நின்றே வாசித்து முடித்தேன். நான் சுகம். தொப்பி போடுகிறேன். மாமியைச் சுகம் கேட்டதாக எழுதிக் காட்டுங்கோ.

வழி இருக்கிறது. நான் வேலை செய்யும் சுரங்கத்தில் சீட்டுக்கட்டு அளவான கணினிகள் பல இருக்கின்றன. ஒரு கணினி முழுக்க ஒரே பலகையில் அடங்கிவிடும். லினக்ஸில் ஓடுபவை. படமோ அலங்காரமோ இல்லை, கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் ஓடும். அந்தப் பக்கத்தைக் கொன்சோல் என்போம். ஒரு கணினிக்குள் பல கொன்சோல் வைத்திருக்கலாம். வழமையாக இரண்டு திரை பூட்டினால் இரண்டிலும் ஒன்றேதான் தெரியும். ஒவ்வொரு திரைக்கும் தனித்தனிக் கொன்சோலைப் பிரித்துக் கொடுப்பதில்தான் வேலை இருக்கிறது. அதை நான் செய்கிறேன். ஒன்று நீங்கள் எழுத, மற்றது மாமி பார்க்க. நீங்கள் என்ரர் விசையை அமத்தினால்தான் வரி அங்கே போகும்.

முன்னறையிலிருந்து குசினி எவ்வளவு தூரம்? வயர் வாங்கவேண்டும்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். போகப்போறதாக மாமி சொன்னபோது நீங்கள் என்ன சொன்னீங்கள்?

அன்புடன்,
ரதீசன்

*

வில்லரே
பெப்ரவரி 16

அன்புள்ள ரதீசன்,

இரண்டு பேரும் இருக்கிறோம். வெளிப்படிக்கட்டில் ஐஸ் பிடித்துவிட்டது, அதனால் நான் தபால் போட இறங்குவது மாமிக்குப் பிடிக்கவில்லை. கீழ்வீட்டுச் சிவராசாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீரும் வழுக்காமல் நடக்கவும்.

உமது கடிதத்தை ஒரு பகல் முழுக்க வாசித்தேன். கொன்சோல் என்ற சொல்லை ரீச்சரிடம் காட்டினேன். சரியாகத்தான் வாசித்திருக்கிறேன் என்றா. பிள்ளைகள் சிரித்தார்கள்.

தூரம் கேட்டீர். இந்த வீட்டில் முன்னறைக்கும் குசினிக்கும் நடுவே ஆள் நடக்கிற ஓடைதான், நீளம். பெட்டி கட்டும் கயிற்றால் அளந்து, அந்தக் கயிற்றையே இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன். சுவரோரம் வளைவுகளும் சேர்ந்த அளவு. கயிற்றை ஏன் அளக்கிறேன் என்று மாமி கேட்டா. நான் கையை விரித்தேன். "இந்த மனிசனுக்கு இப்ப கயிறும் வேணுமாம்" என்றா.

குசினியில் சோறு அவிக்கும் சட்டிக்குப் பக்கத்துத் தட்டில் திரை வைக்க இடம் இருக்கிறது. சின்னத் திரை போதும், எழுத்துப் பெரிதாக இருக்கவேண்டும்.

இரவில் சாப்பிட்டீரா, பாணைத் தின்றுவிட்டுப் படுக்கிறீரா என்பதையும் எழுதவும்.

உமது நலம் விரும்பும்
மாமா

*

சஸ்கட்டூன்
மார்ச் 9

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம். சமைக்கிறேன், பாணும் தின்கிறேன். கயிறு கிடைத்தது. இந்தக் கடிதம் பொதிக்குள்ளேயே வருகிறது.

உள்ளே இருப்பவை: பலகைக் கணினி, இரண்டு திரை, கீபோட், ஒரு குட்டை வயர், ஒரு நீள வயர். கீபோட்டில் தமிழ் எழுத்து ஒட்டியிருக்கிறேன். பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்ன வாய் உண்டு. மின்சாரம் வரும் இடத்துக்குக் கிட்ட இருப்பது முதலாவது, அதற்குக் குட்டை வயர், உங்கள் திரை. அடுத்தது இரண்டாவது, அதற்கு நீள வயர், மாமியின் திரை. வாய்கள் மெல்லியவை. வயர் நேராகப் பிடித்தால் தானாகப் போகும்.

லினக்ஸின் வெறும் கொன்சோலுக்குத் தமிழ் தெரியாது, கட்டம் கட்டமாகக் காட்டும். அதனால் தமிழை வரையத் தெரிந்த ஒரு புரோகிராமை அதற்கு மேல் ஓட விட்டிருக்கிறேன். மின்சாரம் கொடுத்தால் தானாகத் தொடங்கும். நீங்கள் எழுதலாம், அழிக்கலாம், திரும்ப எழுதலாம். என்ரர் அமத்தும்வரை ஒருவருக்கும் தெரியாது. நீங்கள் போட்ட நிபந்தனை அதுதானே.

அன்புடன்,
ரதீசன்

போன கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன்.

*

வில்லரே
மார்ச் 23

அன்புள்ள மருமகனுக்கு,

நாங்கள் சுகம். மிகவும் சுகம். இரண்டு திரையும் பத்திவிட்டன!

மாமி கோயிலுக்குப் போன நேரம் பூட்டினேன். நடுவில் ஒரு சின்னத் தடங்கல் வந்தது. சிவராசாவோடு கடை வரைக்கும் போய் வந்தேன். அதை விடும். இப்போது இரண்டும் பளிச்சென்று நிற்கின்றன.

மாமி வந்து குசினிக்குள் போகும்வரை பொறுத்திருந்தேன். பிறகு எழுத்துத் தேடித் தேடி "இஞ்சாரும்" என்று எழுதி என்ரரை அமத்தினேன். கலியாணம் செய்த நாளிலிருந்து நான் அவவைக் கூப்பிடுவது அப்படித்தான். அகப்பையோடு ஓடி வந்தா. "என்ன? ஏன் கூப்பிட்டனீங்கள்?" என்றா. அடுத்த வரி நான் யோசித்து வைத்திருக்கவில்லை. "கூப்பிட்டுப் போட்டு முழுசிறார்" என்று திரும்பிப் போனா. நான் "சும்மா" என்று எழுதினேன். குசினியில் சிரித்துக் கேட்டது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு.

இப்போது ஒவ்வொரு நாளும் எழுதுகிறேன். சொதிக்கு உப்புக் காணாது, பனி பெய்கிறது, சிவராசா இந்த வீட்டை விட்டுக் கார்ட்டியர்வில்லுக்குப் போகப் போகிறார், இப்படி. ஒரு புதுமை சொல்கிறேன் கேளும். நான் "தேத்" என்று எழுதிக்கொண்டிருப்பேன், அதற்குள் குசினியில் கேத்தில் வைக்கும் சத்தம் கேட்கும். சேர்ந்து வாழ்ந்த காலம் அப்படி. சொல்ல முன்னமே விளங்குகிறது.

அஜிதா இரண்டு பெரிய சூட்கேஸ் அனுப்பியிருக்கிறாள். ஓடையில் நிற்கின்றன.

உமது கையால் செய்தது. கை நோகாமல் இருக்கட்டும்.

மாமா

*

சஸ்கட்டூன்
ஏப்ரல் 5

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்து மகிழ்ந்தேன். நான் சுகம். இங்கே ஆற்றில் ஐஸ் உடையத் தொடங்கியிருக்கிறது.

ஒன்று பார்த்துச் சொல்லுங்கோ. உங்கள் திரையில் எழுத்து விழும் இடத்தில் சின்னக் கோடு ஒன்று மினுங்கிக்கொண்டு நிற்கும். மாமியின் திரையிலும் அது மினுங்குகிறதா? அங்கே மினுங்கக்கூடாது. கடையில் என்ன வாங்கினீங்கள் என்பதையும் எழுதுங்கோ.

ரதீசன்

*

வில்லரே
ஏப்ரல் 20

அன்புள்ள ரதீசன்,

புது வருசம் பிறந்து ஒரு கிழமையாகிறது. மாமி பொங்கினா. எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. உமக்கும் நல்ல வருசமாக அமையவேண்டும். பெண் பார்க்கச் சொல்லி இனிமேல் எழுத்திலும் கரைச்சல் தருவேன்.

கோடு மினுங்குகிறது. அவவின் திரையிலும் அழகாக மினுங்குகிறது. இரண்டும் ஒரே மாதிரி, வித்தியாசமே இல்லை.

கடை விசயத்தைக் கேட்டுவிட்டீர், சொல்கிறேன். கோபிக்கவேண்டாம். இரண்டாவது வாய்க்குள் வயர் போகவில்லை. பெட்டி அடுக்கின கை, கொஞ்சம் தள்ளினேன். வாய் நசிந்துவிட்டது. நீர் கஷ்டப்பட்டுச் செய்த சாமான் என்றபடியால் எழுத மனம் வரவில்லை. சிவராசா என்னை ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரன் ஸ்பிளிட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி தந்தான். முதலாவது வாயில் அதைக் கொழுவினால் அதிலிருந்து இரண்டு வயர் போகிறது. இரண்டு திரையும் உடனே பத்தின. உம்முடைய வேலை வீண்போகவில்லை.

எழுத்து இப்போது வேகமாக வருகிறது. சில வேளை வேறு ஏதும் எழுதுவேன். பிறகு அழித்துவிடுவேன். இந்தக் கணினியில் அழிப்பது நல்ல சுகம். கொப்பியில் அழித்தால் தாள் கிழியும்.

நீர் முன்பு கேட்டதற்குப் பதில் எழுதவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே அவவுக்கு மகள், பேரப்பிள்ளைகள், கதைக்க ஆட்கள். இங்கே நான் ஒருவன். வீட்டுக்காரரின் ஒப்பந்தத் தாளில் இந்த முறை நானே கையெழுத்துப் போட்டேன். என் பெயரில் மட்டும் போடச் சொன்னா மாமி.

உமது மாமா

*

சஸ்கட்டூன்
மே 1

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். வாய் நசிந்ததற்குக் கோபம் இல்லை, அது எல்லோருக்கும் நசிவது.

ஆனால் அந்த ஸ்பிளிட்டர் சரிவராது. வேறு பலகை ஒன்று தயார் செய்கிறேன், மாத முடிவில் அனுப்புகிறேன். அதுவரை அந்தப் பெட்டியைக் கழற்றி வைத்தால் நல்லது. கழற்ற மனமில்லாவிட்டால், தேவையானதை மட்டும் எழுதி அனுப்புங்கோ. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

மாமிக்கு என் அன்பு.

ரதீசன்

*

ஸ்காபரோ
மே 18

ரதீசன் தம்பிக்கு,

சிவநேசம் மாமி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. அஜிதா ஒரு கிழமை வந்து நின்று பார்க்கச் சொன்னாள், வந்திருக்கிறேன். இங்கிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. மொன்றியலில் என்றால் பெட்டிக்குள் விழும் எந்தக் கடிதத்தையும் உம்முடைய மாமா விட்டுவைப்பதில்லை. கடை விளம்பரம் வந்தாலும் தமிழ் எழுத்துத் தேடுகிறார். நான் எழுதுவதையும் வாங்கிப் படிப்பார்.

நீர் புதுப் பலகை அனுப்பப் போவதாக எனக்குத் திரையில் எழுதினார். "இது நல்லாத்தானே வேலை செய்யுது, ரதீசனுக்கு என்ன விசர்" என்றும் எழுதினார். அப்போதே விளங்கியது, நீர் கண்டுபிடித்துவிட்டீர் என்று.

தம்பி, அனுப்பவேண்டாம்.

அவர் எழுதுவதெல்லாம் எழுத்தெழுத்தாக என்னுடைய திரையில் விழுகிறது. முதல் நாளே கண்டேன். சோறு வடித்துக்கொண்டு பார்க்கிறேன், "இ" விழுகிறது, "ஞ்" விழுகிறது. இது என்னவென்று பார்த்து முடிய "இஞ்சாரும்". எனக்குத் தெரியக்கூடாது என்று அவர் கேட்டது எனக்கு எப்படித் தெரியும்? அப்படித்தான் செய்திருக்கிறீர் என்று நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், எழுதி அழிக்கிறார். பிழை எழுத்தை அழித்தால் பரவாயில்லை. நல்ல வரிகளை அழிக்கிறார்.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் கடைசியாக ஒரு வரி வரும். "சிவநேசம், போகாதையும்." அவ்வளவுதான். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். கோடு மினுங்கும். பிறகு பின்பக்கத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் போகும். கலியாணம் முடித்து இத்தனை வருசத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுவிடுவேன்.

நான் பார்ப்பது தெரிந்தால் அவர் எழுதமாட்டார். பலகையை மாற்றினால் எனக்கு உப்பும் பனியும்தான் வரும்.

அஜிதாவுக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், எனக்கென்று வெள்ளைப் பலகை வாங்கி வைத்திருக்கிறார்கள். அவர் அந்த வரியை அனுப்பினால் நான் மொன்றியலில் இருப்பேன். அனுப்பாத வரியைப் பார்த்துவிட்டு நிற்க எனக்கும் ரோசம் இருக்கிறது. ஒளித்துப் பார்த்தவள் என்று ஆகிவிடும். நீர் அவருக்கு ஒன்றும் சொல்லவேண்டாம். சொல்லாமல் ஏதும் செய்யமுடிந்தால் செய்யும்.

சாப்பாட்டில் கவனம். முகவரிக்கு அஜிதாவின் வீட்டை எழுதியிருக்கிறேன், பதில் போடவேண்டாம்.

மாமி

*

சஸ்கட்டூன்
மே 31

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் பிந்திவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. மூன்று தாள் எழுதிக் கிழித்தேன்.

புதுப் பலகை அனுப்பும் எண்ணத்தை விட்டுவிட்டேன். ஸ்பிளிட்டரும் இருக்கிறபடி இருக்கட்டும்.

அந்தப் புரோகிராமை எழுதியவன் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். என்ரர் அமத்தாத வரியை அது எங்கும் சேர்த்து வைக்காது. அழித்தால் அழிந்ததுதான், நானே வந்து தேடினாலும் எடுக்கமுடியாது. அமத்திய வரியை ஒருவராலும் திருப்பி எடுக்கமுடியாது. நான் அப்படித்தான் செய்து வைத்திருக்கிறேன்.

எழுத்துப் பிழைக்கு மாமி இப்போது சிரிக்கமாட்டா என்று நினைக்கிறேன்.

யூலை கிட்ட வருகிறது, மாமா.

ரதீசன்

*

வில்லரே
யூலை 6

அன்புள்ள மருமகன் ரதீசனுக்கு,

நானும் மாமியும் சுகமாக இருக்கிறோம். இந்த வரியை இரண்டு முறை வாசிக்கவும். நானும் மாமியும்.

உமது கடைசிக் கடிதம் வந்து பல நாள் அதை மேசையில் விரித்து வைத்திருந்தேன். என்ரர் விசையைப் பற்றி எழுதியிருந்தீர். இவன் ஏன் கணினிப் பாடம் நடத்துகிறான் என்று நினைத்தேன். நீர் உம்முடைய அம்மாவின் பிள்ளைதான். என் தங்கச்சியும் இப்படித்தான், வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள்.

நடந்ததைச் சொல்கிறேன். யூலை பிறக்க முந்தின சனிக்கிழமை அஜிதா வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் மாமி குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தா. ஓடையில் இரண்டு சூட்கேஸும் பூட்டி நின்றன. தெருவில் ஆட்கள் கதிரை மேசையைப் படியால் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் முன்னறையில் இருந்து ஒரு வரி எழுதினேன். வழமையாக எழுதுகிற வரிதான். கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு வழமைபோல் பின்னால் இருந்து அழிக்கத் தொடங்கினேன்.

குசினியில் இருந்து சத்தம் வந்தது. "அழிக்காதேங்கோ!"

சட்டியில் ஏதோ பிடித்துவிட்டது, அதை யாருக்கோ சொல்கிறா என்று நினைத்தேன். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? என் விரல் அழித்துக்கொண்டே போனது.

"அமத்துங்கோ எண்டுறன்! அந்தப் பெரிய விசையை அமத்துங்கோவன் மனிசன்!"

திடுக்கிட்டு அமத்திவிட்டேன். அதற்குள் வரியில் பாதிக்கு மேல் போய்விட்டது. அவவின் பெயர் மட்டும் மிச்சம் இருந்தது. அதுதான் போனது.

மாமி ஓடையால் நடந்து வந்தா. கையெல்லாம் வடை மா. வாசலில் நின்று, "ஓம், என்ன?" என்றா.

நான் வாயைத் திறந்தேன். காது கேட்காது என்ற நினைவு வந்து மூடினேன். கையால் சூட்கேஸ் இரண்டையும் காட்டி, தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. "ஒண்டு வெறும் பெட்டி. மற்றதுக்குள்ள உங்கட பழைய ஜாக்கெட்டுகள், கோயிலுக்குக் குடுக்க எடுத்து வைச்சது" என்றா. பிறகு "வடை கருகுது" என்று திரும்பிப் போனா.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு மற்றது உறைத்தது. அழிக்கிறேன் என்று அவவுக்கு எப்படித் தெரியும்? குசினிக்குப் போய்த் திரைக்கு முன்னால் நின்றேன். கோடு மினுங்கிக்கொண்டிருந்தது. மார்ச்சில் இருந்து நான் எழுதி அழித்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. அவவின் சாம்பாரைப் பற்றியும் ஒரு நாள் எழுதி அழித்திருந்தேன். மாமி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றா. தோள் குலுங்கியது. சிரிக்கிறா.

அடுத்த நாள் அஜிதா வந்து சண்டை பிடித்தாள். "அம்மா, முதலே சொல்லியிருக்கலாமே, வான் எல்லாம் பிடிச்சுக்கொண்டு வந்தனான்" என்று பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினாள். மாமி அதை வாசித்துவிட்டு, "எனக்கு ஒண்டும் கேக்கேல்லைப் பிள்ளை" என்றா. மகளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வான் வீணாகவில்லை. சிவராசாவின் சோபாவையும் கட்டிலையும் கார்ட்டியர்வில்லுக்கு ஏற்றி இறக்கினோம். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். கை இன்னும் மறக்கவில்லை.

இப்போது ஒரு சிக்கல். அவ பார்க்கிறா என்று தெரிந்த பிறகு எனக்கு எழுத வரவில்லை. கொப்பிக் காலம் போல விரல் நின்றுவிட்டது. திங்கட்கிழமை முழுவதும் திரை வெறுமையாகக் கிடந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் குசினிக்குள் போனேன். மாமி தன்னுடைய திரையின் மேல் ஒரு சமையல் துணியைத் தொங்கப் போட்டிருந்தா. "எழுதி முடிச்சு அந்த விசையை அமத்திப் போட்டு வந்து குசினி லைற்றை ஒருக்கா நூத்துத் திருப்பிப் போடுங்கோ, அப்பதான் துணியைத் தூக்குவன்" என்றா.

அப்படியே செய்கிறோம். ஒவ்வொரு வரிக்கும் நான் எழும்பி ஓடை நீளம் நடக்கவேண்டும். முழங்காலுக்கு நல்லது என்று டொக்டரும் சொல்லியிருக்கிறார். ஆகவே பலகை அனுப்பவேண்டாம், உமது வேலையைப் பாரும். பனிக்காலத்துக்கு முன் ஒரு முறை இங்கே வந்து எங்களோடு நின்று போகவும். இரண்டாம் புத்தகம் முடிய இன்னும் நாலு பாடம்.

துணி மெல்லியது. வெளிச்சம் ஊடே தெரியும். அதற்குள்ளால் பார்க்கிறாவோ என்று நான் கேட்கவில்லை.

அன்புடன்,
மாமா தியாகலிங்கம்